வடக்குத் தெருவின் துருக்கோடு

செவ்வந்தியின் வலது கட்டைவிரல் குழாயின் ஒரு முனையை அடைத்திருந்தது. இடது கை அந்தக் குழாயை முழம் முழமாகத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போலத் தெரியும் அறுபதடி பிளாஸ்டிக் குழாய்; உள்ளே தண்ணீர். கொத்தனார்கள் இதை லெவல் டியூப் என்பார்கள். இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், எவ்வளவு தூரம் விலகி நின்றாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டும் கணக்குத் தப்பிவிடும். அதைத்தான் அவள் விரட்டிக்கொண்டிருந்தாள். திருவாரூரில் ஒரு மாடி வீட்டுக்கு அன்று தரைமட்டம் பார்க்கும் வேலை.

போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் ஷமீரா. ஒரு கெட்ட செய்தி. உங்க தெருவ எங்க புரொபசர் சார் எடுத்துட்டார்."

"எங்கேர்ந்து எடுத்துட்டாரு?"

"வெள்ள மேப்லேர்ந்து. நாப்பத்து மூணு படிவத்தையும் நம்ப முடியாதுன்னு தள்ளிட்டார்க்கா."

கட்டைவிரல் நழுவியது. விரட்டிய குமிழி திரும்ப உள்ளே போயிற்று.

செவ்வந்திக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கில் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியவள். கட்டிக்கொடுத்த ஊர், நன்னிலத்துக்குக் கிழக்கே கீழவெண்குடி. பன்னிரண்டு வருடம் நடவு நட்டாள். நடவு எந்திரம் வந்து அந்த வேலை பாதியாகக் குறைந்ததும் சித்தாள் வேலைக்குப் போனாள். கணவன் செழியன் கோயம்புத்தூரில் கொத்தனார். மாதம் ஒருமுறை வருவான். லெவல் டியூப் பிடிக்க அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். இப்போது அவனைவிட இவள் சுத்தமாகப் பிடிப்பாள் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். இடுப்புத் தேய்மானம் உண்டு. பெல்ட் போடு என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

கிராம சுகாதாரச் செவிலியராக நான் அவர்களுடைய வடக்குத் தெருவில் இருபத்தாறு வருடம் தடுப்பூசி போட்டிருக்கிறேன். அங்கே நாற்பத்து மூன்று வீடுகள். ஒரு பக்கம் வடிகால் வாய்க்கால், மறுபக்கம் உயர்த்தி உயர்த்திப் போட்ட தார்ச்சாலை. பண்ணைவேலை செய்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் மனை ஒதுக்கியவர்கள் மேட்டையா கொடுப்பார்கள்? வடிகால் நிரம்பினால் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும், கடைசியில்தான் போகும். மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் நான்கு நாள் நின்றது. ஒரு கர்ப்பிணியைக் கதவுப் பலகையில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிவந்தார்கள். காலில் சேற்றுப்புண் வராத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களுக்கு இது எதுவும் தெரிய வழியில்லை. பருவமழை தாறுமாறாகிவரும் இந்தக் காலத்தில், டெல்டாவில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் போடுவது அவர்கள் வேலை. பேராசிரியர் தியாகராசன் தலைமை. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஷமீராவுக்கு இருபத்தாறு வயது, நாகூர்ப் பெண். செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பாதி வேலையை முடித்திருந்தார்கள். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் கீழவெண்குடிக்கு மேலே வந்தது ஆறாம் நாள். அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. படத்தில் வடக்குத் தெரு காய்ந்து கிடந்தது.

அதனால் வீடு வீடாகக் கேட்க முடிவு செய்தார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த, எல்லா வீட்டுக்குள்ளும் போகக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் செவ்வந்தியின் பெயரைச் சொன்னேன். அவளும் நாற்பத்து மூன்று படிவங்களை இரண்டே நாளில் நிரப்பிக் கொடுத்தாள்.

'உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது?' என்ற கேள்விக்கு நாற்பத்தோரு வீட்டில் ஒரே பதில்: இடுப்பளவு. ஒரு வீட்டில் நெஞ்சளவு. தெருக்கோடியில் இருந்த கண்ணுசாமி மட்டும் கழுத்தளவு என்று சொல்லியிருந்தார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதற்கு முந்தைய ஒரு புயலின்போது கணக்கெடுக்க வந்த ஆள் சாலையில் நின்றபடியே பார்த்துவிட்டு, 'வீட்டுக்குள் நீர் புகவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அந்த முறை நிவாரணப் பட்டியலில் வடக்குத் தெரு இல்லை. அன்றிலிருந்து கையில் படிவத்தோடு யார் வந்தாலும் இடுப்பளவு என்றுதான் சொல்வது. அதற்குக் குறைத்துச் சொல்பவன் முட்டாள் என்று தெரு முடிவு செய்திருந்தது. இது நிவாரணப் படிவம் இல்லை, ஆய்வுப் படிவம் என்று செவ்வந்தி சொல்லிப் பார்த்தாள். யார் நம்பினார்கள்? அவளே நம்பவில்லை. தன் வீட்டுப் படிவத்திலும் அவள் இடுப்பளவு என்றுதான் எழுதியிருந்தாள்.

பேராசிரியரைக் குறை சொல்லவும் வழியில்லை. தரை உயரம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டுக்கு இரண்டு படி, இன்னொன்றுக்கு நான்கு படி, ஒன்றுக்குப் படியே இல்லை. இந்த லட்சணத்தில் எல்லா வீட்டிலும் எப்படி இடுப்பளவு நிற்கும்? தண்ணீர் என்ன, ஆள் பார்த்து ஏறுமா? அவர் மொத்தத்தையும் தள்ளினார்.

தள்ளியதன் விளைவுதான் பெரியது. அந்த வரைபடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் எந்த வடிகாலை அகலப்படுத்துவது, எந்த மதகை மாற்றிக் கட்டுவது, மழைக்காலத்தில் இறைப்பு மோட்டாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பார்கள். வரைபடத்தில் இல்லாத தெரு அடுத்த பத்து வருடத்துக்கு எதிலும் இருக்காது. கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் செவ்வந்தி வேலைக்குப் போகவில்லை. தெருக்குழாயடியில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாள். சொன்னதும் சண்டை வந்தது.

"எல்லாம் இந்தக் கண்ணுசாமி மாமாவால வந்துச்சு. கழுத்தளவாம் கழுத்தளவு!" என்றாள் இசைவாணி. அவள் வீடு மதகை ஒட்டியது. தெருவிலேயே பள்ளமான வீடு. ஆளும் குள்ளம், வாய் பெரிசு.

கண்ணுசாமிக்கு அறுபத்தெட்டு வயது. விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "ஆமா, கழுத்தளவுதான். நீ வந்து பாத்தியா?"

"கழுத்தளவு வந்துச்சுன்னா பீரோ மேத்தட்டுல இருந்த உன் பொண்ணு கல்யாணப் பட்டு எப்படி நனையாம இருந்துச்சு? மழை விட்ட மறுநாளே அதக் கட்டிக்கிட்டு உன் பொண்டாட்டி வளைகாப்புக்குப் போச்சுல்ல?"

தெருவே சிரித்தது. கண்ணுசாமி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. நேராகத் தன் வீட்டுக்குள் போனாள். மூலையில் பீரோ நின்றது. பச்சை இரும்பு பீரோ, கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கித் தந்தது. முன்னால் கிடந்த கூடையை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். கீழ்ப்பாகத்தில் பெயிண்ட் உப்பி உரிந்து, ஒரு மட்டத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே துரு, மேலே பச்சை. நடுவில் ஒரு கோடு.

பொங்கலுக்குப் பொங்கல் எல்லாரும் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவதால் சுவரில் வெள்ளத்தின் அடையாளம் எதுவும் மிஞ்சாது. பீரோவுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. அந்தத் தெருவில் பீரோ இல்லாத கல்யாணமும் இல்லை.

அவள் கோட்டுக்கு நேரே நின்று பார்த்தாள். முழங்காலுக்கு நான்கு விரல் மேலே. ஓர் அடி பத்து அங்குலம். இடுப்புக்கு இன்னும் ஒன்றரைச் சாணாவது வேண்டும்.

ஷமீராவைக் கூப்பிட்டாள். "பாப்பா, ஆளுங்க சொன்னத விட்டுடுங்க. பீரோ சொல்றத எழுதிக்குவீங்களா?"

அந்தப் பெண் புத்திசாலி. பதினொரு மணிப் பேருந்தில் வந்து இறங்கிவிட்டாள். பீரோவைப் பார்த்தாள், படம் எடுத்தாள், பிறகு உதட்டைக் கடித்தாள். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வொரு உயரம். பீரோவுல இத்தன அங்குலம்னு மட்டும் சொன்னா சார் ஒத்துக்க மாட்டார். தரை உயரம் வேணும். அந்த அளவு எடுக்குற கருவி வேற ஊர்ல இருக்கு. அடுத்த வாரந்தான் வரும்."

"கருவி எதுக்கு? எங்கிட்ட டியூப் இருக்கு."

மதகின் மேல் பொதுப்பணித் துறைக்காரர்கள் உயரம் குறிக்க எப்போதோ பதித்த மட்டக்கல் இருக்கிறது. அதிலிருந்து மூன்றடி உயரத்தில் முதல் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவது. டியூபைப் பிடித்து அதே மட்டத்தை அடுத்த வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து அடுத்தது. இப்படித் தெரு முழுக்க ஒரே மட்டத்தில் கோடு ஓடும். வாசல் வழியாக அதை உள்ளே கொண்டுபோய், சாக்கோட்டிலிருந்து துருக்கோடு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டியதுதான். தரை எப்படி இருந்தால் என்ன? வந்தது ஒரே வெள்ளம் என்றால், எல்லா வீட்டிலும் ஒரே அளவு வர வேண்டும்.

ஷமீரா நோட்டை எடுத்தாள். "அக்கா, இத வச்சு என் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமே எழுதலாம்" என்றாள்.

"அப்புறம் எழுதிக்கலாம். இப்ப அந்த முனையப் பிடிங்க. விரலை எடுங்க, அடைச்சா தண்ணி ஓடாது."

அளப்பது சுலபம். வீட்டுக்குள் விடச் சம்மதிக்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. அளந்தால் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பொய் சொன்னதாகக் கேஸ் போடுவார்கள், ரேஷன் கார்டைப் பிடுங்குவார்கள், இனி நிவாரணமே வராது என்று தெரு முழுக்கப் பேச்சு. மூன்று வீட்டில் முதலில் கதவைத் திறக்கவே இல்லை.

செவ்வந்தி கெஞ்சவில்லை. தன் வீட்டு வாசல் சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதினாள்: 'செவ்வந்தி சொன்னது இடுப்பளவு. வந்தது 1 அடி 10 அங்குலம்.' எழுதிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏண்டி, ஒன்ன நீயே பொய்க்காரின்னு எழுதிக்கிட்டியா?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டார்கள்.

"பொய்தானே சொன்னேன். அந்தப் பொய்யாலதான் நம்ம தெரு மேப்ல இல்ல. பொய்யோட வாய்க்கால் ஓரத்துலயே கெடக்கறதா, இல்ல நெசத்தச் சொல்லிட்டு வடிகால் வாங்குறதா? நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னும் நாப்பத்திரண்டு வீடு இருக்கு."

இரண்டாவது கதவு இசைவாணியுடையது. அளந்துவிட்டு ஷமீரா இரண்டு அடி பத்து அங்குலம் என்றாள். இசைவாணி நாடாவைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு அது சரியாக இடுப்பு.

"பாத்தீங்களா! இந்தத் தெருவுலயே நெசம் சொன்னவ நான் ஒருத்திதான்!" என்று வாசலில் நின்று கத்தினாள். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு டியூபின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிக் கதவுகள் திறந்தன.

நான்கு நாள் ஆயிற்று. ஏழு பீரோக்களுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவை தள்ளுபடி. இடம் மாற்றிய நான்கு பீரோக்களும் தள்ளுபடி. பீரோவே இல்லாத வீட்டில் ஊறிப்போன பிளைவுட் கதவின் அடிப்பாகம் இருந்தது. அதிலும் கோடு இருந்தது. ஒரு வீட்டில் கிரைண்டரின் கால். மொத்தம் முப்பத்திரண்டு அளவுகள் தேறின. முப்பத்தொரு வீட்டில் துருக்கோடு சாக்கோட்டுக்குப் பதினோரு அங்குலம் கீழே இருந்தது. ஒரு விரற்கடை முன்னே பின்னே. அதற்கு மேல் வித்தியாசம் இல்லை. முழங்காலளவு வந்த வீட்டிலும் அதே பதினொன்று, இடுப்பளவு வந்த வீட்டிலும் அதே பதினொன்று.

ஒரு வீட்டில் மட்டும் இரண்டே அங்குலம். கண்ணுசாமி வீடு.

"நான் அப்பவே சொன்னேன். எங்க வீட்ல மட்டும் அதிகம் வந்துச்சு" என்றார் அவர்.

ஷமீரா மெதுவாகச் செவ்வந்தியிடம் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதானே, இத விட்டுடலாமாக்கா? சார் பாத்தா மொத்தத்தையும் சந்தேகப்படுவார்."

"மாத்தி மாத்தி எழுதித்தான் இந்தக் கதிக்கு வந்தோம். வந்தத அப்படியே எழுதுங்க."

ஐந்தாம் நாள் காலை பேராசிரியர் தியாகராசன் கருவியோடும் இரண்டு மாணவர்களோடும் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசுவதில்லை. சாக்கோட்டை ஐந்து இடங்களில் கருவியால் சரிபார்த்தார். நாற்பத்து மூன்று வீடு தாண்டியும் டியூப் அரை அங்குலம்கூடத் தப்பவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். நான் எதிர்பார்த்தபடியே அந்த ஒற்றை அளவில் விரல் நின்றது.

"இந்த வீட்டப் பாக்கணும்."

பின்னாலேயே தெரு திரண்டு வந்தது. கண்ணுசாமியின் பீரோ ஒரு சின்ன மேடையின் மேல் நின்றது. பூசி, சிவப்புச் சாயம் அடித்த மேடை.

"இந்த மேடை எப்பக் கட்டினீங்க, ஐயா?"

"எப்பவும் இருக்குறதுதான், சார்."

பேராசிரியர் எழுதிக்கொள்ளப் போனார். செவ்வந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடையின் மூலையை நகத்தால் சுரண்டினாள். பிறகு மாணவன் பையிலிருந்த சுத்தியலை வாங்கி லேசாக ஒரு தட்டு தட்டினாள். காரை உதிர்ந்தது. வீட்டின் பழைய காவித்தரை மேடைக்கு அடியிலும் வழவழப்பாக ஓடியது.

"மாமா, தரை போட்ட பிறகுதான் மேடை வந்திருக்கு. சிமெண்ட்டும் புதுசு. கட்டட வேலைக்குப் போறவகிட்டயா இத மறைக்கிறீங்க?"

கண்ணுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளம் வடிஞ்ச அடுத்த தையிலதான் கட்டினேன்" என்றார். "மூணு கல் வச்சு. இன்னொரு வெள்ளம் வந்தா துணியாவது மிஞ்சட்டும்னு."

"அப்புறம் ஏன் மறைச்சீங்க?"

"கழுத்தளவுன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து எப்படி எறங்குறது, சொல்லு?"

வாசலில் இசைவாணி வாயைத் திறந்தாள். செவ்வந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவள் மூடிக்கொண்டாள்.

ஷமீரா மேடையின் உயரத்தை அளந்தாள். ஒன்பது அங்குலம். இரண்டும் ஒன்பதும் பதினொன்று.

பேராசிரியர் அந்தக் கூட்டலை மனதில் போட்டது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, உதடு அசைந்தது. மேல்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு என்று இருந்ததை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். பக்கத்தில் மேடைக் கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு செவ்வந்தியைப் பார்த்து, "அம்மா, முப்பத்திரண்டும் ஒண்ணா வந்திருந்தாக்கூட எனக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கும். தப்பா வந்தத மறைக்காம எழுதினீங்க பாருங்க, அதனால நம்புறேன்" என்றார்.

கண்ணுசாமி இதைத் தனக்குச் சொன்ன பாராட்டாக எடுத்துக்கொண்டார். "என் வீட்டாலதான் நிரூபணமே ஆச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குத் திருவாரூரில் ஆய்வுக்கூட்டம். செவ்வந்தியும் வர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவள் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நீளமான மேசை, குளிர்சாதனம், சுவரில் பெரிய திரை. திரையில் வரைபடம் வந்ததும் அவள் கண் கீழவெண்குடியைத் தேடியது. வடக்குத் தெரு அடர்நீலத்தில் இருந்தது. மிக அதிக ஆபத்து.

நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்தத் தெரு முந்தின பட்டியல்ல இல்லையே. செயற்கைக்கோள் படத்துலயும் காணோம். வீட்டுக்காரங்க சொன்னத வச்சுப் போட்டதா? இவங்க எல்லாரும் இடுப்பளவுன்னுதான் சொல்வாங்க, எங்களுக்குத் தெரியாதா?"

"வீட்டுக்காரங்க சொன்னத நாங்க சேக்கவே இல்ல, சார்" என்றார் தியாகராசன். "அவங்க பீரோ சொன்னதச் சேத்திருக்கோம்."

சிரிப்பு எழுந்தது. ஷமீரா அடுத்த படத்தைப் போட்டாள். முப்பத்திரண்டு துருக்கோடுகள், வரிசையாக. அவற்றின் மேல் ஒரே நேர்கோடு. சிரிப்பு நின்றது.

பொறியாளர் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். "இது எந்தக் கருவியில எடுத்தது?"

ஷமீரா செவ்வந்தியைக் காட்டினாள். செவ்வந்தி எழுந்து நின்றாள். "லெவல் டியூப், சார். அறுபதடி."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "மதகு மட்டக்கல்லேர்ந்தா தொடங்குனீங்க?"

"ஆமாம், சார். திரும்பி வந்து அதுலயே முடிச்சேன். ரெண்டு நூல், கால் அங்குலந்தான் வித்தியாசம்."

"எங்க ஆளுங்க அப்படித் திரும்பி வந்து முடிக்கறதே இல்லம்மா" என்று அவர் சொன்னபோது மேசையைச் சுற்றி மறுபடி சிரிப்பு. இந்த முறை அது வேறு சிரிப்பு. வடக்குத் தெரு வடிகாலை அகலப்படுத்துவதும், மதகைத் தண்ணீர் போக இரண்டு கண் உள்ளதாக மாற்றிக் கட்டுவதும் அந்தப் பருவத்து வேலைப் பட்டியலில் சேர்ந்தன. வரைபடத்தின் கீழே சிறிய எழுத்தில் 'கள அளவீடு: செ. செவ்வந்தி, கீழவெண்குடி' என்று போட்டிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தெரிந்தவர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னாள். செழியனுக்கு மட்டும் இரண்டு முறை.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் துறையிலிருந்து ஓவர்சியர் ஒருவரும் உதவியாளும் வடிகால் அகலத்துக்கு முளை அடிக்க வந்தார்கள். தெருவே கரையில் நின்றது. உதவியாள் அடித்த முதல் முளை சாய்ந்துபோயிற்று. செவ்வந்தி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அதைப் பிடுங்கி, அதே கோட்டில் ஓரடி தள்ளிக் கெட்டித் தரையில் வைத்துத் தானே அடித்தாள். கண்ணுசாமி நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், இசைவாணி எண்ணினாள். ஒன்பதே முக்கால் பேருந்துக்குள் பதினாறு முளைகளும் இறங்கிவிட்டன. அவள் கால் கழுவிக்கொண்டு அந்தப் பேருந்தில் வேலைக்குப் போனாள்.